மன்னிப்புக்கு முன்னால் ஐந்து காரியம்

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து பூசை. பாதர் பிரசங்கத்தில் மன்னிப்பைப் பற்றிக் கதைத்தார். நல்லாத்தான் கதைத்தார். போர் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டது, பழசைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் எங்களுக்குத்தான் பாரம், மன்னித்துவிட்டு முன்னால் போவதுதான் கிறிஸ்தவ வாழ்வு என்றார்.

எனக்கு முன் வாங்கில் எங்கட ஊர் அன்ரி ஒருவர் இருந்தார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, வன்னி முழுக்க அலைந்து, கடைசியில் 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே ஒப்படைத்துவிட்டு வந்தவர். பிரசங்கம் முடியும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. செபமாலை மட்டும் விரலில் உருண்டுகொண்டிருந்தது. பூசை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் என்னைக் கண்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, நான் ஆரை மன்னிக்கிறது? ஒருத்தரும் நாங்கள்தான் செய்தனாங்கள் எண்டு சொல்லேல்லையே."

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் சின்ன வயதில் படித்த ஒரு பாடம் ஞாபகம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பாடத்தைப் பற்றியதுதான்.

புதுநன்மை எடுக்க முன்னம் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய ஐந்து காரியம் வேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிப் பாடமாக்க வைப்பார்கள். முதலாவது, செய்த பாவங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, அவற்றுக்காக மனம் வருந்த வேண்டும். மூன்றாவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானம் எடுக்க வேண்டும். நான்காவது, வாய் திறந்து சொல்ல வேண்டும். ஐந்தாவது, பரிகாரம் செய்ய வேண்டும். களவெடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் எத்தனை அருள்நிறை மந்திரம் சொன்னாலும் காரியமில்லை என்று ரீச்சர் சொல்லித் தந்தது இன்னும் காதில் நிற்கிறது.

இப்போது யோசித்துப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரிகிறது. இந்த ஐந்தும் பாவம் செய்தவன் செய்ய வேண்டிய வேலை. பாதிக்கப்பட்டவருக்கு இதில் ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை. ஆனால் எங்கட நாட்டிலும் சில நேரம் எங்கட பிரசங்க மேடையிலும் எல்லாம் தலைகீழாக நடக்கிறது. செய்தவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. இழந்தவளிடம்தான் போய் மன்னி, மற, முன்னால் போ என்று கேட்கிறோம்.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை எடுத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அடுத்த வருச உயிர்ப்புத் திருவிழாவில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை நாங்கள் மன்னித்துவிட்டோம் என்று சொன்னார். அதே கர்தினால்தான் பிறகு, இதற்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்ற உண்மை வேண்டும் என்று விடாமல் கேட்டார். 2021 மார்ச்சில் கறுப்பு ஞாயிறு அனுசரித்தார்கள். 2022 மார்ச்சில் ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவைக்கே போய்ப் பேசினார். மன்னித்தாயிற்று, இனி ஏன் விசாரணை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று வெட்டும் காரியங்கள் அல்ல.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அவர் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எப்படி? மற்றவர்கள் செய்த பிழைக்காகத் தான் மன்னிப்புக் கேட்பதாக. கத்தோலிக்கத் தரப்பு அதை ஏற்கவில்லை. ஏற்காதது சரி. ஞானோபதேச வகுப்புப் பிள்ளைக்கே தெரியும், அடுத்தவன் பாவத்தை நாங்கள் போய்ச் சங்கீர்த்தனம் செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி. இதே அளவுகோலை அந்த அன்ரிக்கு ஏன் பிடிப்பதில்லை?

1995 யூலை 9. நவாலி புனித பேதுருவானவர் ஆலயம். இடம்பெயர்ந்து வந்து கோயிலிலும் அதைச் சுற்றியும் தஞ்சம் இருந்த சனத்துக்கு மேல் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் அதிகமானோர் செத்துப்போனார்கள். அதுவும் கோயில்தான், அதுவும் எங்கட சனம்தான். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் காணாமல் போனார். 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு கூடப் போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் திரும்பி வரவேயில்லை. குருமாருக்கே இந்த நிலை என்றால் சாதாரண சனத்தைச் சொல்ல வேண்டாம். இவற்றில் எதற்காகவும் ஒருவரும் ஒரு நீதிமன்றத்தில் குற்றவாளியாகத் தீர்ப்புப் பெறவில்லை.

எங்கட ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் போய் ஒரு கணக்கைச் சொன்னார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. போர் முடிந்து அரசாங்கப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? அவர்கள் எல்லாரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. என்ன நடந்தது என்றுதான் கேட்டார். ஐந்து காரியத்தில் முதலாவதைச் செய்யுங்கள், நினைத்துப் பாருங்கள், எண்ணிப் பாருங்கள் என்றார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் இறந்துபோனார். பதில் இன்னும் வரவில்லை.

ஆனால் 2012இல் ஜெனிவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோது, அதை வேண்டாத வெளித்தலையீடு என்று கொழும்பிலிருந்து கர்தினால் எதிர்த்தார். அதே நேரம் மன்னார் ஆயரும் வடக்குக் குருமாரும் அந்தப் பேரவைக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரே திருச்சபை, ஒரே நற்கருணை, இரண்டு முகவரி. பத்து வருசம் கழித்துக் கர்தினாலும் அதே ஜெனிவாக் கதவைத்தான் தட்டினார். இதை நான் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. தாக்குதல் நடந்த அந்த நாட்களில் அவர் சனத்தை அமைதிப்படுத்தியிராவிட்டால் இந்த நாடு வேறு மாதிரி எரிந்திருக்கும். அதை மறக்க முடியாது. ஆனால் தன் மந்தை அடிபட்ட பிறகுதான் ஒரு மேய்ப்பனுக்குப் பக்கத்து மந்தையின் அழுகை புரிந்தது என்றால், அதிலிருந்து நாங்கள் எல்லாரும் படிக்க வேண்டியது இருக்கிறது.

இவ்வளவுக்கும் எங்களுடையது அழத் தெரிந்த சமயம். அழுகையை வழிபாடாகவே செய்து வைத்திருக்கிறோம். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதித் தந்த வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இழுத்து இழுத்துப் பாடி வளர்ந்த ஊர்கள் எங்கட ஊர்கள். என் அம்மம்மாவுக்குப் பார்வை மங்கிய பிறகும் அந்த இராகம் மாறவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்காக முந்நூறு வருசமாக அழுகிறோம். வியாகுல மாதாவிடம் போய், போதும் அம்மா, பழசை மறந்துவிடுங்கோ என்று ஒரு பங்கிலும் ஒரு பிரசங்கியும் சொன்னதில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கி றோட்டோரக் கொட்டிலில் பிள்ளையின் படத்தோடு இருக்கும் தாய்மாரும் வியாகுல மாதாக்கள்தான். அதில் பலர் பதில் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். 2025இல் செம்மணி சித்துப்பாத்தியில் தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியில் வந்தன. சின்னப் பிள்ளைகளின் எலும்பும், ஒரு புத்தகப் பையும் கூட வந்தன. அந்தப் படங்களைப் பார்த்த பிறகும் பழசைக் கிண்டாதே என்று சொல்ல எப்படி மனம் வரும்?

இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டே மன்னித்தாரே என்று கேட்பீர்கள். உண்மை. எங்கட விசுவாசத்தின் நடுவே நிற்கும் காட்சி அது. ஆனால் மன்னித்தது யார்? ஆணி அடிக்கப்பட்டவர். அவருக்காக வேறொருவர் மன்னிப்புக் கொடுக்கவில்லை. சிலுவையடியில் நின்ற தாயைப் பார்த்து, நீயும் இப்போதே மன்னித்துவிடு என்று ஒருவரும் சொல்லவும் இல்லை. சக்கேயு வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொன்னது, அவன் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு. அந்த அன்ரி ஒரு நாள் தானாக மன்னித்தால் அது கடவுளின் கொடை. அதைப் பிரசங்க மேடையிலிருந்து வரி மாதிரி வசூலிக்க முடியாது.

சரி, இதுவரை மற்றவர்களின் பாவத்தை எண்ணியாயிற்று. இனித்தான் கஷ்டமான பகுதி. அந்த ஐந்து காரியமும் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

எனக்கு ஒரு முஸ்லிம் கூட்டாளி இருக்கிறான். அவனுடைய குடும்பம் மன்னார்த் தீவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றியபோது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் அவர்களும் ஒரு குடும்பம். வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்து ஒரு சின்னப் புடவைக் கடை போட்டார்கள். எங்கட வீட்டு நத்தார் உடுப்பு அங்கேதான் எடுப்போம்.

2019 ஏப்ரல் கடைசியில் எங்கட பங்கு இளைஞர் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. அவர்களின் கடைகளில் சாமான் வாங்காதீர்கள் என்று. கொச்சிக்கடைப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தலை சூடாக இருந்த நேரம். நான் அதை இன்னும் இரண்டு குழுவுக்கு அனுப்பினேன். ஒரு விரல் தட்டுத்தான். அந்த வருசம் நோன்புப் பெருநாள் நேரத்தில்கூட அந்தக் கடையில் எங்கட ஆக்கள் ஒருவரும் ஏறவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததைச் செய்தியில் பார்த்தபோது வயிற்றுக்குள் என்னமோ செய்தது. அந்த நெருப்பில் என்னுடைய விரலும் இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் இதைச் சொன்னேன். குருவானவர் அபராதமாகச் செபம் எதுவும் தரவில்லை. போய் அவனிடமே சொல்லு என்றார். இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டுப் போனேன். சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "வாப்பாக்கு இதைச் சொல்லாத மச்சான், தொண்ணூறே அவருக்கு இன்னும் ஆறேல்ல" என்றான். தேத்தண்ணி வரவழைத்தான். குடித்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தச் செய்தியை அனுப்பிய குழுக்களிலேயே நான் செய்தது பிழை என்று எழுதிப் போட்டேன். நாலு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள்.

1990ஐப் பற்றி எங்கட கோயில்களில் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்? சாதி பார்த்துச் சவக்காலையையும் பெருநாள் உபயத்தையும் பிரித்து வைத்த ஊர்களில் அதைப் பற்றி எத்தனை தவக்காலத் தியானம் நடந்திருக்கிறது? அரசாங்கம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் எங்கட குரலுக்குப் பலம் வேண்டுமென்றால், எங்கட உண்மையையும் நாங்கள் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் எங்கட கோரிக்கை பலவீனப்படும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. அந்தத் தேத்தண்ணிக்குப் பிறகுதான் அன்ரியின் கேள்வியை நான் நேராகப் பார்க்கப் பழகினேன்.

உயிர்த்த பிறகும் இயேசுவின் கையில் ஆணிக் காயம் இருந்தது. தோமாவுக்குக் காட்டியது அதைத்தான். உயிர்ப்பு காயத்தை அழிக்கவில்லை. அப்படியென்றால் காயத்தை மறைத்தால்தான் நல்லிணக்கம் என்பது எங்கட வேதத்தில் எங்கே இருக்கிறது?

நாங்கள் பெரிய ஆக்கள் இல்லை. ஆனால் பங்கு இளைஞர் குழுவில் இருக்கிறோம், மறைக்கல்வி படிப்பிக்கிறோம், விசுவாசிகள் மன்றாட்டை எழுதுவது பெரும்பாலும் நாங்கள்தான். ஏப்ரல் 21க்கு மன்றாட்டு எழுதுவது போல யூலை 9க்கும் எழுதலாம். ஒக்டோபர் கடைசியில் 1990க்கும் ஒன்று எழுதலாம். யாராவது ஏன் என்று கேட்டால், விரலை மடக்கி ஐந்து காரியத்தையும் சொல்லிக் காட்டலாம்.

இந்தத் தவக்காலத்திலும் அன்ரி அதே வாங்கில் வந்து இருப்பார். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்கப்போகும் பாதர்மாரிடம் ஒரு சின்ன விண்ணப்பம். முதலாவதிலிருந்து தொடங்குங்கோ, சுவாமி.