தாயின் உயிரைக் கேட்ட பட்டம்

பிள்ளை உயர்ந்த பதவிக்கு வரவேண்டும் என்று வேண்டாத தாய் உண்டா? ஆனால், “எனக்கு மூத்த ஆண்பிள்ளை மட்டும் பிறக்க வேண்டாம்” என்று பெண்கள் வேண்டிக்கொண்ட அரண்மனை ஒன்று இருந்தது.

386இல் வட சீனாவில் தொடங்கிய வட வெய் அரசு அது. ஆண்டவர்கள் சியான்பெய் இனத்துத் தோபா குடும்பத்தார். மகன் இளவரசுப் பட்டம் பெற்றால் தாய் சாகவேண்டும். தாய்வழி உறவினர் ஆட்சியில் தலையிடக்கூடாதாம்! 409இல் தோபா குய் மன்னர் தம் மகன் தோபா ஸுவின் தாயை அப்படித்தான் கொன்றார். மகனோ இரவும் பகலும் அழுதான்.

ஹூ என்ற பெண் மட்டும், “நான் செத்தாலும் அரசுக்கு வாரிசு வேண்டும்” என்று துணிந்தாள். 510இல் மகன் பிறந்தான். சுவான்வூ மன்னர் அவளைக் கொல்லவில்லை. அந்தக் கொடிய வழக்கமும் ஒழிந்தது.

பிறகு? மகன் அரியணை ஏறினான். ஆட்சியோ தாயின் கையில். மகன் வளர்ந்தும் அவள் அதிகாரத்தை விடவில்லை. 528இல் மகன் திடீரென இறந்தான். தாயே நஞ்சு வைத்தாள் என்று பேச்சு எழுந்தது. அதே ஆண்டு படைத்தலைவன் ஒருவன் அவளை மஞ்சள் ஆற்றில் மூழ்கடித்தான்.

மகனுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவளுக்கு, அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பிள்ளையை நேசிப்பது வேறு. பிள்ளையின் பதவியை நேசிப்பது வேறு அல்லவா?