பூட்டு உங்களுடையது, சாவி?

'உங்கள் செல்போனை இந்த நிமிஷம் எவனோ எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்!'

பதறாதீர்கள். நான் சொல்லவில்லை, விளம்பரம் சொல்கிறது. யூட்யூபில் வத்தக்குழம்பு பார்த்தாலும் சரி, சோழர் சரித்திரம் பார்த்தாலும் சரி, நடுவில் ஒருவர் வந்து இப்படிக் கிலி கிளப்புவார். கையோடு வி.பி.என். என்ற கவசத்தையும் தள்ளுபடி கூப்பனையும் நீட்டுவார். பயமும் அவர் கடையில்தான், மருந்தும் அவர் கடையில்தான்!

அதென்ன வி.பி.என்.? நீங்கள் எழுதும் கடிதத்தை நேராகத் தபாலில் சேர்க்காமல், இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு ஒட்டி ஸ்வீடனில் இருக்கும் ஓர் ஆசாமிக்கு அனுப்புகிறீர்கள். அவர் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தை உரிய விலாசத்தில் சேர்க்கிறார். உங்கள் ஊர் தபால்காரருக்கு, அதாவது இன்டர்நெட் கம்பெனிக்கு, பெரிய உறை மட்டும்தான் தெரியும். கடிதம் வாங்குபவருக்கு நீங்கள் யாரென்று தெரியாது, ஸ்வீடன்காரரைத்தான் தெரியும். அவ்வளவுதான் சமாசாரம்.

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று பிரிக்காவிட்டால் தூக்கம் வராது. முதலில் வரவு.

நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று இன்டர்நெட் கம்பெனி பட்டியல் போட முடியாது. வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக நுழையலாம். இதையெல்லாம்விடப் பெரிய வரவு ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இன்டர்நெட்டை அடியோடு வெட்டிய அரசு, 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் திருப்பிக் கொடுத்தது. அதுவும் தான் அனுமதித்த தளங்களுக்கு மட்டும்! அப்போது அங்குள்ள மக்கள் வெளியுலகத்தோடு பேச வி.பி.என். வழியாகத்தான் புகுந்து வந்தார்கள். வாய்ப்பூட்டு போடும் இடத்தில் இது மாற்றுச் சாவி. இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது.

இனி பற்று. இந்தப் பக்கம் கொஞ்சம் நீளம்.

ஸ்வீடன்காரர் உறையைப் பிரிக்கிறார் இல்லையா? தபால்காரரிடம் நீங்கள் மறைத்த விலாசமெல்லாம் இப்போது அவர் கண்ணில். அவர் யோக்கியரா என்பதுதான் கேள்வி.

2013-ல் ஃபேஸ்புக், ஓனாவோ என்ற இஸ்ரேல் கம்பெனியை வாங்கியது. 'ஓனாவோ ப்ரொடெக்ட்' என்று இலவச வி.பி.என். கொடுத்தது. பெயரிலேயே பாதுகாப்பு! உள்ளே நடந்தது வேறு. மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வாட்ஸ்அப் எப்படி வளர்கிறது என்பதை ஃபேஸ்புக் அதில்தான் நோட்டம் விட்டது என்பது, 2018-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் அம்பலமானது. 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இந்த விவகாரத்தில் மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

'அது ஓசி ஆப், நாங்கள் காசு கொடுத்து வாங்குவோம்' என்கிறீர்களா? 'பதிவே வைப்பதில்லை' என்று மார்தட்டிய ப்யூர் வி.பி.என்., ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்தித் தொல்லை கொடுத்தவரின் வழக்கில் எஃப்.பி.ஐ.க்குப் பதிவுகளைக் கொடுத்தது 2017-ல் வெளியே வந்தது. அந்த ஆசாமி மாட்டியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், இல்லாத பதிவு எங்கிருந்து வந்தது சார்?

சரி, விமர்சனம் படித்து நல்லதாக வாங்கலாமே? அதிலும் வில்லங்கம். கேப் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி சைபர்கோஸ்ட் உள்பட சில வி.பி.என்.களை வைத்திருந்தது. 2021-ல் எக்ஸ்பிரஸ் வி.பி.என்.னையும் 93.6 கோடி டாலருக்கு வளைத்தது. அதே வருஷம் வி.பி.என்.களுக்கு மார்க் போடும் தளங்களை நடத்தும் கம்பெனியையும் வாங்கிப் போட்டது. பரீட்சை எழுதுபவரே பேப்பரும் திருத்துகிறார்!

இன்னொன்று. ஜிமெயிலில் லாக்-இன் செய்துகொண்டு வி.பி.என். போட்டால், கூகுளுக்கு உங்களைத் தெரியாமல் போய்விடாது. ஓ.டி.பி. கேட்டு வரும் மோசடிப் பேர்வழியையும் இது தடுக்காது. பொது வைஃபை பூதத்தைப் பற்றியும் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் வங்கி உட்படப் பெரும்பாலான தளங்களுக்கு இன்று அவையே பூட்டு போட்டிருக்கின்றன. அந்தப் பூதத்தை ஊதிப் பெருக்கிய நார்ட் வி.பி.என். டி.வி. விளம்பரத்தை 2019-ல் பிரிட்டன் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பே தடுத்தது.

இத்தனை ஓட்டை உள்ள வியாபாரத்தை நம் அரசு என்ன செய்தது? 'சொன்னபடி நடக்கிறாயா, தணிக்கை அறிக்கை காட்டு' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டதா? 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவைப் பாருங்கள்: வாடிக்கையாளர் பெயர், விலாசம், போன் நம்பர், ஐ.பி. எண், எதற்காக வாங்கினார் என்பது வரை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டுமாம். ஆபீஸ் வி.பி.என்.களுக்கு மட்டும் விலக்கு. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க், புரோட்டான் எல்லாம் சர்வர்களை இந்தியாவிலிருந்து மூட்டை கட்டின. குற்றவாளியைப் பிடிக்க விவரம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். அதற்குக் குறிப்பிட்ட ஆள்மீது, கோர்ட் ஆணையோடு போகலாம். தெருவில் ஒரு திருடன் இருக்கிறான் என்று ஊரார் அத்தனை பேரின் வீட்டுச் சாவிக்கும் டூப்ளிகேட் கேட்பது என்ன நியாயம்? பதிவு வைக்காதவனைப் பதிவு வைக்கச் சொல்லி விரட்டிவிட்டு, வைத்துக்கொண்டே வைக்கவில்லை என்று புளுகுபவனைச் சும்மா விட்டால் லாபம் யாருக்கு?

யோக்கியமாகவும் இந்தத் தொழிலைச் செய்யலாம். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ், முல்வாட் என்ற வி.பி.என். கம்பெனிக்குச் சோதனை வாரன்ட்டோடு போனது. பெயர், இமெயில் எதுவும் கேட்காமலே கணக்கு தரும் கம்பெனி அது. வாடிக்கையாளர் விவரம் என்று எடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. போலீஸ் வெறுங்கையோடு திரும்பியது.

ஆகவே, வாங்குவதற்கு முன் மூன்றே கேள்வி. முதலாளி யார்? இலவசம் என்றால் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? 'பதிவு இல்லை' என்பதை வெளி ஆள் யாராவது சோதித்திருக்கிறாரா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் கூப்பனைக் கிழித்துப் போடுங்கள். இன்டர்நெட் கம்பெனியாவது நம் ஊரில் இருக்கிறது, சண்டை போட ஒரு விலாசம் உண்டு. உறையைப் பிரிக்கும் அந்த ஆசாமியை எங்கே போய்த் தேடுவீர்கள்?