தலைதீபாவளி அருவி

1986 தீபாவளி. கல்யாணமாகி நாலு மாதம். பொள்ளாச்சியில் மாமனார் வீட்டு விருந்தை முடித்த கையோடு புது ஜோடி பார்க்கப் போன படம் 'புன்னகை மன்னன்'. காதலர்கள் இருவரும் அருவி உச்சியிலிருந்து குதிக்கும் காட்சி. தியேட்டரே உறைந்து கிடக்க, அவர் மட்டும் மனைவியின் காதருகே குனிந்தார்.

"அது நம்ம வால்பாறைக்கு அந்தப் பக்கந்தான் அம்மிணி, அதிரப்பள்ளி. அடுத்த வருசம் கூட்டிட்டுப் போறேன்."

அந்த அடுத்த வருடம் வருவதற்கு 38 ஆண்டுகள் பிடித்தன. பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன், படுக்கையில் விழுந்த மாமியார்... குடும்பத்தில் காரணங்களுக்கா பஞ்சம்?

கடைசியில் அவர்களைக் கிளப்பியது ஆசை அல்ல, கண் டாக்டரின் அறிக்கை. இரண்டு கண்களிலும் க்ளாக்கோமா. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், இனி கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர், அன்று சாவியை டி.வி. மேஜையில் வைத்தவர்தான். பிறகு தொடவே இல்லை.

சாவியை எடுத்தது அவர் மனைவி. 57 வயதில் டிரைவிங் ஸ்கூல். "கால் டாக்ஸி இருக்கேம்மா, எதுக்கு வேண்டாத வேலை?" என்றான் மகன். நல்ல கேள்விதான். ஆனால் கால் டாக்ஸியில் போனால் நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி, "இதைப் பாருங்க" என்று கணவருக்குக் காட்ட முடியுமா? லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகிவிட்டு, மழை ஓய்ந்த ஒரு அக்டோபர் காலையில் சொன்னார்: "கெளம்புங்க. பார்க்கறதை இப்பவே பார்த்துரலாம்."

ஆழியாறு தாண்டியதும் மலை ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல் எட்டு வளைவுகளிலும் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவரின் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. "ரெண்டாவது கியரு... ஹாரன்... ஒடி, ஒடி!" ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை கீழே கண்ணாடித் துண்டாய்த் தெரியும் லோம்ஸ் வியூ பாயின்டில், அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஏனுங்க, ஒண்ணு நீங்க ஓட்டுங்க. இல்லைன்னா என்னை ஓட்ட விடுங்க."

அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது.

வால்பாறையில் இரவு தங்கல். மறுநாள் காலை மளுக்கப்பாறை வனத்துறைச் சோதனைச்சாவடியில் வண்டி எண்ணையும் நுழைந்த நேரத்தையும் குறித்துச் சீட்டுக் கொடுத்தார்கள். அங்கிருந்து வாழச்சால் வரை யானை நடமாடும் அடர்காடு; இறங்கி நின்று செல்ஃபி எடுக்கிற வேலையெல்லாம் கூடாது. இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. பொழுது சாய்ந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

அதிரப்பள்ளியின் உயரம் 80 அடிதான். குற்றாலத்தைப் போலத் தலையைக் காட்டிக் குளிக்கிற அருவியும் இல்லை. ஆனால் சாலக்குடி ஆறு அகலமாக வந்து அப்படியே கவிழ்கிற இடம். இங்கே 163 மெகாவாட் நீர்மின் திட்டம் கொண்டுவரப் பார்த்தபோது, வாழச்சால் காட்டில் வாழும் காடர் பழங்குடியினர் எதிர்த்து நின்றார்கள். அதனால்தான் இன்னும் பார்க்க ஏதோ இருக்கிறது.

மேலே பாறையில் நின்று அவர் பார்த்தார். அருவி முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கவில்லை. இடமிருந்து வலமாகத் தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்தார். மனைவிக்குத் தொண்டை அடைத்தது. வெளியே காட்டவில்லை.

"எங்க இருந்து குதிச்சாங்க?"

"அதா, அந்த முனை."

"அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா முழுசாப் பார்த்திருக்கலாமுங்க" என்றார் மனைவி. சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் 38 வருட வார்த்தை, எங்காவது ஓரிடத்தில் வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

அவர் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கீழே எறங்கலாமா?" என்றார். அடிவாரத்துக்குப் போகும் பாதை செங்குத்து. இவருக்குப் படி ஓரம் தெரியாது, அவருக்கு முழங்கால் வலி. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் முந்திப் போக, அரை மணி நேரம் இறங்கினார்கள். பாதி வழியில் அவர் சட்டென்று நின்றார்.

"சத்தம் கேக்குதா?"

நீராவி ரயில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் தலைக்கு மேலே. இருவாச்சி. பெரிய இருவாச்சி பறந்தால் சிறகடிப்பு அவ்வளவு தூரம் கேட்கும். மனைவி நிமிர்ந்து தேடுவதற்குள், சத்தம் வந்த திசைக்கு நேராக முகத்தைத் திருப்பி மஞ்சள் அலகை முழுசாகப் பார்த்துவிட்டார் அவர். மனைவிக்கு வால் மட்டும்தான் கிடைத்தது.

"நல்லாப் பார்த்தேன் புள்ள" என்றார், சின்னப் பையன் மாதிரி.

அன்றிரவு சாலக்குடியில் தங்கினார்கள். மறுநாள் பாலக்காடு வழியாக நெடுஞ்சாலையிலேயே திரும்பிவிடலாமா என்று மனைவி கேட்டதற்கு, "காட்டு வழியே போலாம். நீதான் நல்லா ஓட்டறியே" என்று பதில் வந்தது.

வாழச்சால் சோதனைச்சாவடியில் ஊழியர் சீட்டெழுதக் குனிந்து, இவரைப் பார்த்து, "டிரைவர் பேரு?" என்று கேட்டார்.

அவர் வலப்பக்கம் கையைக் காட்டினார்.