இடது காலின் கணக்கு

நம் சிறுபத்திரிகை மரபில் இயந்திரம் பெரும்பாலும் மனிதனை நசுக்கும் குறியீடாகவே வந்துபோயிருக்கிறது. அதைப் பழுதுபார்த்து வாழவைக்கும் கையின் அறிவைப் பற்றி நாம் எழுதியது சொற்பம். பழைய பிக்கப் வண்டியின் கேபிள் கிளட்ச்சை ஹைட்ராலிக்காக மாற்றும் வேலையை முன்வைத்து அந்த அறிவைப் பற்றிச் சற்றுப் பேசலாம்.

செம்பரம்பாக்கத்தை அடுத்த தொழில்தடத்தில் புதிய வாகனங்கள் பிறக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும் 2012-இல் டெய்ம்லரின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. அதே சாலைகளில் காய்கறியும் தண்ணீர் கேனும் ஏற்றிய பழைய வண்டிகளும் நெரிசலில் ஊர்கின்றன. கேபிள் துருவேறி இறுகிவிட்டால் ஒவ்வொரு மிதியின் பளுவும் ஓட்டுநரின் இடது முழங்காலில் இறங்குகிறது. ஆகவே இம்மாற்றத்தை ஆடம்பரம் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை.

புதிய கேபிள் போட்டாலே போதுமே என்பார் உண்டு. தேய்மானம் மட்டுமே காரணமென்றால் அதுவே சரி. முதலில் செய்யவேண்டியதும் அதுதான். அதன் பிறகும் பெடல் கனத்தால்தான் மாற்றத்தைப் பற்றி யோசிக்கவேண்டும்.

மாற்றும்போது பலரும் சறுக்குவது கணக்கில். பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட விதிதான் அடிப்படை: அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 19 மி.மீ., ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 22 மி.மீ. என்று கொள்வோம். பரப்பளவு விகிதம் 1.34. மாஸ்டரில் 30 மி.மீ. தள்ளினால் ஸ்லேவ் 22 மி.மீ. அளவே நகரும். பெடல் இன்னும் இலகுவாகட்டும் என்று 25 மி.மீ. ஸ்லேவைப் பொருத்தினால் நகர்வு 17 மி.மீ. ஆகச் சுருங்கும். கிளட்ச் ஃபோர்க்குக்கு 20 மி.மீ. தேவைப்படும் வண்டியில் கிளட்ச் முழுதாக விடுபடாது, கியர் நறநறக்கும். விசையில் பெற்றதை நகர்வில் இழந்தே தீரவேண்டும். ஆகவே பழைய கேபிள் ஃபோர்க்கை எவ்வளவு இழுத்தது என்பதை, கழற்றும் முன்பே அளந்து குறித்துக்கொள்ளவேண்டும்.

மற்றவையும் அற்பமல்ல. மாஸ்டர் சிலிண்டரைத் தாங்கும் தகடு மெல்லியதாயின் மிதிக்கும்போது வளைந்து நகர்வைத் தின்றுவிடும். குழாயில் காற்று தங்கினால் பெடல் பஞ்சாகும். பிரேக் ஆயில் கேட்கும் சிலிண்டரில் என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும்.

இவற்றை நன்கறிந்த மெக்கானிக்குகள் சாலையோரப் பட்டறைகளில் இருக்கிறார்கள். ஆனால் அவ்வறிவு வாய்மொழியாகவே கைமாறுகிறது. பட்டறை மூடப்படும் நாளில் அதுவும் போய்விடுகிறது. அதை அவர்கள் சொற்களிலேயே, அளவுகளோடு, தமிழில் எழுதிவைப்பது மொழிக்கும் நன்மை, முழங்காலுக்கும் நன்மை. அப்பணியில் இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து.