ஆற்றோரத்து ரெங்காஸ் மரம்

தாய்மார்களே, ரப்பர் பாலோடு பழகிய கை, மற்ற மரத்துப் பாலுக்கு அஞ்சாது. ஆனால் ஆற்றோரத்து ரெங்காஸ் மரத்திடம் எச்சரிக்கையாய் இருங்கள். முந்திரி இனத்தைச் சேர்ந்த இம்மரத்தின் பட்டையில் கரிய கறை வழிந்து காய்ந்திருப்பதே அடையாளம். வெட்டினால் ஒழுகும் சாறு, காற்றுப் பட்டதும் கறுத்துவிடும்.

அது உடம்பில் பட்டால் உடனே தெரியாது. பலருக்கு ஓரிரு நாள் கழித்தே அரிப்பும் வீக்கமும் கொப்புளமும் காணும். அம்மை என்று எண்ணி வேப்பிலையோடு இருந்துவிடாதீர்கள். பிள்ளை ஆற்றங்கரைக்குப் போனானா என்று கேளுங்கள்.

சாறு பட்டவுடனே சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். துணியையும் கத்தியையும் தனியே கழுவுங்கள். ஒட்டிய சாறு அடுத்தவரையும் பிடிக்கும். விறகாக எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.