நடந்து போகக்கூடிய தூரம்

கொழும்பு வெள்ளவத்தையில் சில காலம் வாழ்ந்துவிட்டு வந்த எம்மவர் எவரிடமாவது அவ்விடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தாம் இருந்த வீட்டை அவர் வர்ணிக்கமாட்டார். ஒழுங்கையின் ஒரு முனையில் கடல், மறு முனையில் காலி வீதி என்றுதான் தொடங்குவார். சந்தை, இராமகிருஷ்ண மிஷன், தேவாலயம், பள்ளிவாசல், சவோய் படமாளிகை யாவும் கால்நடைத் தூரம். கால்வாயைக் கடந்து சற்று நடந்தால் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்கள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தனர். மாலையில் புகையிரதப் பாதையைக் கடந்து சென்று கடற்காற்று வாங்குவதற்கு எவருக்கும் காசு தேவைப்படவில்லை.

என் மாமியார் அங்கே பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தவர். இன்று ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, ஏஜக்ஸ் நகரின் வடபகுதியில் எம்முடன் வாழ்கிறார். நான்கு அறைகள் கொண்ட வீடு. வாசலில் இரண்டு கார்கள். காலை எட்டு மணிக்கு நாம் யாவரும் வெளியேறிவிட்டால் மாலைவரை அவருக்கு யன்னலே துணை. வெள்ளவத்தையில் தன்னந்தனியே மீன் பேரம் பேசி வந்த மனுஷி, இங்கே ஒரு போத்தல் பாலுக்கும் மருமகனை எதிர்பார்த்திருக்கிறார். ஒன்ராறியோ ஏரிக்கரை இந்நகரிலும் உண்டு. ஆனால் எம் வீட்டிலிருந்து அங்கு செல்வதற்கும் கார் வேண்டும்.

வெள்ளவத்தையைச் சொர்க்கமாகக் காட்ட நான் முற்படவில்லை. 1983 யூலையில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களும் அந்த ஒழுங்கைகளால்தான் வந்தன. எம்மவரை ஒளித்து வைத்துக் காத்த சிங்கள அயலவரும் அங்கேதான் இருந்தனர். 2007 யூன் 7 அன்று, வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்கவேண்டியதாயிற்று. அக்கம்பக்கமாக வாழ்வதனால் மட்டும் பாதுகாப்புக் கிட்டிவிடாது என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?

ஆனால் அங்கே பிழைத்தது அரசு. அந்த ஒழுங்கைகள் அல்ல. இங்கே அச்சமின்றி நடமாடும் உரிமை கிடைத்த பின்னர், நடக்கும் வசதியை நாமாகவே கைவிட்டிருக்கிறோம். ஸ்காபரோவில் வந்திறங்கிய காலத்துத் தொடர்மாடியில் கரப்பான் பூச்சி இருந்தது, மின்தூக்கி அடிக்கடி பழுதானது, உண்மைதான். ஆயினும் கீழே இறங்கினால் தமிழ்க் கடையும் பேருந்துத் தரிப்பிடமும் இருந்தன. கடைக்காரர் என் மாமியாரைப் பெயர் சொல்லி அழைத்தார். அதைவிட்டு வெளியேறுவதையே முன்னேற்றம் என்று நம்பினோம். உறவினர்களும் அவ்வாறே வாழ்த்தினார்கள்.

வீடு வாங்கப் புறப்படுவோர் அறைகளை எண்ணுமுன், வீட்டிலுள்ள முதியவரை அவ்வீதிக்கு அழைத்துச் சென்று, பால் வாங்கி வரும்படி தனியே அனுப்பிப் பார்க்கவேண்டும். பனிக்காலத்தில் அனுப்பிப் பார்த்தால் இன்னும் நல்லது.

எமது வீட்டை விற்றுவிட்டு, கடைவீதியும் பேருந்தும் அருகிலுள்ள சிறிய தொடர்மாடிக்குத் திரும்புவது பற்றி இப்போது பேச்சு நடக்கிறது. மனைவிக்குச் சம்மதம். இரண்டாவது காரை எங்கே நிறுத்துவது என்று மகன் கேட்கிறான். மாமியாரோ, அங்கிருந்து ஏரிக்கரைக்குப் பேருந்து போகுமா என்று மட்டும் விசாரித்தார்.