குடக்கூலியா, சொந்தக் கூரையா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் எச்சரித்து வைத்தார்கள். அதைக் கேட்டு இரண்டில் ஒன்றையாவது கைவிட்டவரை நாம் இதுவரை சந்தித்ததில்லை. கல்யாண விஷயத்தில் யோசனை சொல்ல நமக்குத் தைரியம் போதாது. வீட்டு விஷயத்தில் மட்டும் இரண்டொரு வார்த்தை சொல்லத் துணிகிறோம்.

மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் இன்று இந்தக் கேள்வி எழாத குடும்பம் அரிது. திருபுவனையிலும் திருவண்டார்கோயிலிலும் தொழிற்சாலைகள், மதகடிப்பட்டில் கல்லூரிகள். வேலையை நாடி வருகிறவர்கள் குடக்கூலிக்கு ஒரு ஜாகை பிடிக்கிறார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் மனைத் தரகர் வந்து சேருகிறார். "மாதா மாதம் பிறத்தியார் கையில் கொடுக்கிற வாடகையைத் தவணையாகக் கட்டினால் வீடு உங்களுடையதாயிற்றே!" என்கிறார். கேட்பதற்கு என்னமோ தேவாமிர்தமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முப்பது லட்சம் ரூபாய் பெறும் வீடு ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கையில் உள்ள ரொக்கம் 10 லட்சம். பாக்கி 20 லட்சத்தை 9 சதவிகித வட்டியில் 20 வருஷக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். முதல் மாதத் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது மூவாயிரந்தான். இருபது வருஷம் முடியும்போது 20 லட்சத்துக்கு 43 லட்சம் செலுத்தியிருப்போம். அதே மாதிரி வீடு 7,000 ரூபாய் குடக்கூலிக்குக் கிடைக்குமானால், வாடகையும் தவணையும் ஒன்றே என்ற தரகரின் வாதம் எங்கே நிற்கிறது? அன்றியும், கூரை ஒழுகினால் சொந்தக்காரர்தான் கொத்தனாரைத் தேட வேண்டும்.

ஆயினும் கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. மிச்சமாகும் பதினோராயிரத்தை மாதந் தவறாமல் சேமிப்பில் போடுகிறவர் எத்தனை பேர்? தீபாவளிக்கு ஒரு பங்கு, சம்பந்தி வீட்டுச் சீருக்கு ஒரு பங்கு என்று அது கரைந்துவிடுவதே உலக இயல்பு. மேலும், அறுபது வயதுக்குப் பிறகு "வீட்டைக் காலி செய்யுங்கள்" என்ற சொல்லைக் கேட்க நேருவது சாமானியத் துன்பம் அல்ல. பெற்றோருக்கு ஒரு நிலையான திண்ணை வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புவதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட நாம் உடன்பட மாட்டோம்.

ஆகையால், வாங்கவே கூடாது என்பது நமது கட்சி அல்ல. அவசரப்பட்டு வாங்கக் கூடாது என்பதுதான். இந்தப் பிரதேசத்தில் அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. மண்ணாடிப்பட்டின் எல்லை விழுப்புரம் மாவட்டத்து எல்லையோடு பின்னிக் கிடப்பது. நாம் பார்க்கும் மனை புதுச்சேரியைச் சேர்ந்ததா, தமிழ்நாட்டைச் சேர்ந்ததா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பதிவு அலுவலகம், வரி, ரேஷன் அட்டை எல்லாம் அதைப் பொறுத்தவை. இரண்டாவது, பாத்தியதை. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி புதுச்சேரி சட்டபூர்வமாக இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோருக்கு ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அப்படித் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் பலர் இன்று பிரான்ஸில் இருக்கிறார்கள். இங்கே இருக்கும் பங்காளி ஒருவர் கையெழுத்திட்டுவிட்டார் என்பதற்காகக் கடல் கடந்த பங்காளியின் உரிமை அழிந்துவிடாது. வில்லங்கச் சான்றோடு வாரிசு விவரமும் கேட்டுப் பெறுவது அவசியம். வெறும் பவர் பத்திரத்தைக் கொண்டு நிலத்தின் உரிமை கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் வருஷத்திலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

மூன்றாவது காரணம் மழை. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. வீடூர் அணையின் நீரும் சேர்ந்து சங்கராபரணியில் வெள்ளம் பெருகிற்று. சித்திரை வெயிலில் தரகர் காட்டும் மனை, கார்த்திகையில் மனையாகவே இருக்குமா, குளமாகிவிடுமா என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதியிராது. அந்தத் தெருவில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவருக்குத்தான் தெரியும்.

இங்கேதான் குடக்கூலியின் அருமை விளங்குகிறது. வாங்க உத்தேசித்திருக்கும் அதே தெருவில் ஒரு வருஷம் வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, கிணற்று நீர் கரிக்கிறதா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், அண்டை அயலார் எப்படி என்பதெல்லாம் தாமே தெரிந்துவிடும். ஒப்பந்த வேலையில் இருப்பவர், இருபது வருஷக் கடனுக்கு அந்த வேலை துணை நிற்குமா என்பதையும் அதற்குள் நிதானித்துக்கொள்ளலாம். அந்த ஒரு வருஷத்து வாடகை 84,000 ரூபாய். அதை நஷ்டம் என்று தரகர் சொல்லக்கூடும். முப்பது லட்சத்தைக் குளத்தில் போடாமல் காத்த கூலி என்று நாம் சொல்வோம்.

அதற்குப் பிறகும் ஊர் பிடித்து, பத்திரமும் சுத்தமாயிருந்து, தவணை கட்டிய பின் சாப்பாட்டுக்கும் மிஞ்சுமானால், நல்ல நாள் பார்த்துத் தாராளமாகக் கிரயம் செய்துகொள்ளுங்கள். கிரகப் பிரவேசத்துக்கு நமக்கும் ஓர் அழைப்பு அனுப்ப மறக்க வேண்டாம். தரகருக்கு முன்பே வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுவோம்!